ஆறின டீயும், அரிகிருஷ்ணன் மச்சான் கை நனைத்ததும்

முடிச்சூர்,
ஜூன் 8, ஞாயிறு.

மலைமேல் டீத்தோட்டம் வைத்திருக்கும் மதிப்புக்குரிய திரு. லின் அவர்களுக்கு, முடிச்சூர் மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஞானஜோதியும் சுகம். அங்கே தங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் அனைவரும் சுகமாக இருக்க வேண்டும், மழை அளவோடு பெய்ய வேண்டும். தங்கள் தோட்டம் ஐயாயிரம் அடி உயரத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஊரின் உயரம் எனக்குத் தெரியாது. 2015-இல் வெள்ளம் வந்து என் கடைக்குள் ஒரு வாரம் தங்கியிருந்துவிட்டுப் போனதை வைத்துப் பார்த்தால் அதிகம் இருக்காது.

உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு உங்கள் பாஷை தெரியாது. இரண்டும் தெரிந்தவள் என் மகள் சத்யப்ரியா ஒருத்திதான். நான் எழுதுவதை ஞானஜோதி போனில் படம் பிடித்து அனுப்புவாள், சத்யா ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லுவாள் என்று ஏற்பாடு. ஆகையால் நடுநடுவே அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவளுக்கு நான் எழுதுவது, அதை அவள் உங்களுக்குச் சொல்லமாட்டாள். (சத்யா, சொல்லிவிடாதே.)

விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை. திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு உங்கள் நாட்டிலிருந்து மெஷின் வந்து இறங்கியபோது, அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட உங்கள் மகன் வந்தார். என் மகள் அங்கேதான் வேலையில் இருந்தாள். பன்னிரண்டு நாளில் பூட்டிவிடலாம் என்றார்கள், நாற்பது நாள் ஆனது. நான் வியாபாரி. ஒரு வேலை மூன்று மடங்கு இழுக்கிறது என்றால் அதற்குள் இன்னொரு வேலை நடக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. பிறகு அந்த மெஷின் கம்பெனியே அவளை உங்கள் ஊருக்கு வேலைக்குக் கூப்பிட்டது. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு, பெட்டியை நானே எடை போட்டு, விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை அவள் போன் செய்து, உங்கள் மகனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். கடையில் பெயிண்ட் கலக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கஸ்டமர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சொல்லி முடிக்க நாலு விநாடிகூட ஆகவில்லை. அன்றிலிருந்து அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை. (இந்த இடத்தைத் தாண்டிப் போகாதே, சத்யா. சொன்னவன் நான், அவருக்கும் தெரியட்டும். படித்துக்காட்டக் கஷ்டமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படி.)

இதற்குப் பிறகு நீங்கள் எனக்கு ஆள் விட்டுச் சம்மதமா என்று கேட்டிருந்தால், இல்லை என்று ஒரே சொல்லில் கதையை முடித்திருப்பேன். நீங்கள் டீயை அனுப்பிவிட்டீர்கள். போன மாதம் பட்டறை மெஷினைப் பழுது பார்க்க வந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர், கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்ட என் கடைக்கு வந்து, இரண்டு கையாலும் ஒரு பாக்கெட்டை நீட்டினார். செங்கல் மாதிரி கெட்டியாக இருந்தது. கூடவே ஒரு காகிதம். மேலே உங்கள் எழுத்து, கீழே அதன் தமிழ், என் மகளின் கையெழுத்தில். 'இது எங்கள் தோட்டத்தில் இந்த வருஷம் பறித்தது. சூடாகக் குடியுங்கள். பாதியை எடுத்து வைத்து, நன்றாக ஆறிய பிறகு குடியுங்கள். சூட்டில் எல்லா டீயும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் இரண்டையும் குடித்துப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள்.' அவ்வளவுதான் இருந்தது. கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அதை மூன்று தடவை படித்தேன். மகள் இன்னும் 'ழ'வுக்குக் காலை நீட்டித்தான் போடுகிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் சரி என்று சொல்லும்வரை நாங்கள் சாப்பிடமாட்டோம். சாப்பிடுவதற்குக் கை நனைப்பது என்று பெயர். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்க முடியாது. சில குடும்பங்கள் காபி, பலகாரம்வரை அனுமதிக்கும். என் மனைவியின் அண்ணன் அரிகிருஷ்ணன் அந்தக் கட்சி இல்லை. தன் மகனுக்குப் பெண் பார்க்க ஊரப்பாக்கம் போனபோது அவருக்கு விக்கல் வந்துவிட்டது. பெண் வீட்டார் தண்ணீர் நீட்டியும் வாங்காமல், முக்கால் மணி நேரம் விக்கிக்கொண்டே பெண்ணின் படிப்பு, ராசி, நட்சத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, தெருமுனைக்கு வந்து கலர் சோடா வாங்கிக் குடித்தவர். அவரிடம் ஞானஜோதி உங்கள் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள். பிரிக்கவே கூடாது என்று உத்தரவு வந்தது. டீ என்றாலும் சரி, வெறும் தண்ணீர் என்றாலும் சரி, அந்த வீட்டுப் பொருள் நம் வாயில் பட்டால் கை நனைத்த மாதிரிதான் என்றார். பாக்கெட் பிரிட்ஜ் மேலே ஏறி உட்கார்ந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணுக்கு நேரே இருந்தது.

பதினொரு நாள் பொறுத்தோம். பன்னிரண்டாம் நாள் ஞானஜோதி கத்திரிக்கோலை எடுத்தாள். டம்ளரைப் பிடித்துக் குடித்தால் கை எங்கே நனைகிறது என்று அவள் கேட்டாள். உள்ளே தூளைக் காணோம், மிளகு மாதிரி பச்சை உருண்டைகள் இருந்தன. எங்கள் வீட்டில் டீ என்றால் பால் கொதிக்க வேண்டும், அதில் தூள் விழ வேண்டும், இஞ்சி தட்டிப் போட வேண்டும். இரண்டு பேருக்கு நாலு ஸ்பூன் என்று கணக்குப் போட்டு அவள் கொட்டினாள். கொட்டிவிட்டுத் தோசைக்கு மாவு எடுக்கப் போனவள் திரும்பி வருவதற்குள் உருண்டை ஒவ்வொன்றும் விரல் நீளத் தழையாக விரிந்துகொண்டு, பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. பாலைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டது, துணியில் ஊற்றிப் பிழிந்து, சர்க்கரை போட்டு, கொடுத்தாள். குடித்தோம். பாடுபட்டு வளர்த்தவர் நீங்கள், அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. (சத்யா, பால் கதையை அப்படியே முழுங்கிவிடு. இஞ்சியைப் பற்றி மூச்சே விடாதே.)

விஷயம் மகளுக்குப் போனது. போன மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் அவள் தன் அம்மாவுக்கு வீடியோவில் வந்து, பால் இல்லாமல், ஒரே ஸ்பூன் போட்டு, கொதித்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றித் தட்டால் மூடவைத்து, முறையாகப் போடச் சொல்லிக் கொடுத்தாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் பேச்சு எப்படி நடக்கிறது என்றால், அவள் அம்மாவிடம் சொல்லுவாள், அம்மா என்னிடம் சொல்லுவாள், நான் அம்மாவிடம் சொல்லுவேன், அம்மா போனைப் பார்த்துச் சொல்லுவாள். அவள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவளுக்குக் கேட்கும், ஆனாலும் ஞானஜோதி திருப்பிச் சொல்லும்வரை இரண்டு பேரும் கேளாதவர்கள் மாதிரி காத்திருப்போம். முகர்ந்து பார்க்கச் சொன்னாள், அம்மா அதைச் சொன்னாள், முகர்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தின்னர் வாசனையில் ஊறிய மூக்கு இது. அதற்குள்ளும் பூக்கடையைத் தாண்டிப் போகிற மாதிரி ஏதோ ஒன்று வந்தது. குடித்தேன். வாசனை இருந்தது, டீயைக் காணோம். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதை ஞானஜோதி கேட்டாள். வெந்நீர் பிரமாதம் என்று சொல்லு என்றேன். மகள் சொன்னாள்: "சூட்டுல அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆறட்டும்."

டீயைத்தான் சொன்னாள் என்று ஞானஜோதி சாதிக்கிறாள். எனக்குச் சந்தேகம்தான். (நீயே சொல், சத்யா. இதற்கு மட்டும் பதில் வேண்டும்.)

மிச்சத்தை டம்ளரில் ஊற்றி மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். சிமெண்ட் லாரி வந்தது, மூட்டை இறக்குகிறவர்கள் வரவில்லை, பெருங்களத்தூரில் டிராபிக் என்றார்கள், ஒரு வீட்டுக்காரர் போன வருஷம் வாங்கிய பெயிண்டின் அதே கலர் வேண்டும், பெயர் மறந்துவிட்டது என்று சுவரைப் பெயர்த்து ஒரு சில்லைக் கொண்டுவந்து நின்றார். நாலு மணிக்கு நாக்கு வறண்டு வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. மேஜைமேல் டம்ளர் இருந்தது, தண்ணீர் என்று நினைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். குடிக்கும்போது ஒன்றும் இல்லை. லேசாகத் துவர்த்தது, காலையில் அந்தத் துவர்ப்பு எனக்குத் தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்த பிறகு, தொண்டைக்குள்ளிருந்து ஒரு இனிப்பு மெதுவாக மேலே வந்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த இனிப்பு. சர்க்கரை போட்டாயா என்று ஞானஜோதியைக் கேட்டேன். இல்லை என்றாள். பிரிட்ஜிலாவது வைத்தாயா என்றேன், கரண்டே இல்லை என்றாள். அந்த இனிப்பு போகும்வரை நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

லின் ஐயா, உங்கள் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று யோசித்தேன். சூடாக இருக்கும்போது வாய்க்கு வேறு வேலை இருக்கிறது. சுட்டுவிடக்கூடாதே என்று ஊதுகிறோம், உறிஞ்சுகிறோம், அதில் பாதி போய்விடுகிறது. ஆறிய பிறகு நாக்குக்குச் சாக்கு இல்லை, நல்லதும் தெரிகிறது, துவர்ப்பும் தெரிகிறது. மார்ச் மாதம் நான் சொன்ன அந்த நாலு விநாடிப் பேச்சை இந்த மூன்று மாதமும் நான் ஆறவே விடவில்லை. கடையில் உட்கார்ந்து நினைத்து நினைத்து அதற்குச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். சூடாக இருக்கும்வரை அது சரியான பேச்சு மாதிரியே இருந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்து அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

நிற்க. நாங்கள் அந்தச் சொம்பிலேயே ஐந்து தடவை தண்ணீர் ஊற்றிக் குடித்தோம். அதற்குப் பிறகும் தழை தளதளவென்று இருந்தது. கொட்டுவதற்கு ஞானஜோதிக்கு மனம் வரவில்லை, பால் பாத்திரத்திலிருந்து அலசி எடுத்து வைத்திருந்ததையும் இதோடு சேர்த்து, பொடியாக நறுக்கி, கடுகு, வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு, மறுநாள் பொரியல் செய்துவிட்டாள். அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு மறுப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பதற்காக அரிகிருஷ்ணன் மச்சான் பேனாவோடு வந்திருந்தார். 'ஐயா, தங்கள் தேயிலைப் பாக்கெட் வந்து சேர்ந்தது. எங்கள் குல வழக்கப்படி அது பிரிக்கப்படவில்லை' என்று இரண்டு வரி எழுதி, எனக்கு உரக்கப் படித்தும் காட்டினார். நான் பிரிட்ஜ் பக்கம் பார்க்காமல் இருந்தேன். அதற்குள் ஞானஜோதி இலை போட்டுவிட்டாள்.

மச்சான் சாம்பார் சாதத்துக்குப் பொரியலைத் தொட்டார். நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு கரண்டி கேட்டார். ரசத்துக்கு மறுபடியும் கேட்டார். "இன்னா கீரை ஞானம் இது? புச்சா கீது. லைட்டா தொவர்க்குது, ஆனா நாக்குல நிக்குது" என்றார். மலைக்கீரை என்றாள் என் மனைவி. கொல்லிமலையா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் தூரம் என்றாள். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை, ரசம் புரையேறிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், எழுந்து போய்ப் பிரிட்ஜ் மேலிருந்த பாதிப் பாக்கெட்டை எடுத்து வந்து இலை ஓரத்தில் வைத்தாள். மச்சான் பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டுவரை ரசம்.

தெரியாமல் சாப்பிட்டது சேர்த்தியில்லை என்று அவர் ஆரம்பித்தார். நாங்கள் வேண்டுமென்று செய்தோம் என்றார், ஊரில் தலைகாட்ட முடியாது என்றார். என் மனைவி அண்ணனிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். "வழக்கம் வழக்கம்னு நீதானண்ணா சொல்லிகினே இருந்த. ரெண்டு வாட்டி கேட்டு வாங்கி துன்னுட்ட. இப்ப அந்த வழக்கப்படி நட" என்றாள். குரலை உயர்த்தவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் இருந்தது. மச்சான் மோர் ஊற்றச் சொன்னார். மோர் சாதத்துக்கும் அந்தப் பொரியலையே தொட்டுக்கொண்டார். போகும்போது எழுதிய காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேனாவை மட்டும் எனக்காக மேஜைமேல் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன்.

இருந்தாலும், ஐயா, மச்சான் கை நனைத்தது வேறு, பெண்ணைப் பெற்றவன் சம்மதம் வேறு. எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. உங்கள் ஊரில் அடிக்கடி பூமி ஆடுமாமே, ஆடினால் முதலில் யாரைக் கூப்பிடுவது? அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நொய்க்கஞ்சியும் பருப்புத் துவையலும்தான் இறங்கும், அதை அங்கே யார் செய்வார்கள்? அவளுக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம் உண்டு. சின்ன வயதிலிருந்து தமிழில்தான் பேசுவாள், பக்கத்து அறையிலிருந்து நான்தான் என்னம்மா என்று பதில் கொடுப்பேன், அதைக் கேட்டதும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவாள். உங்கள் மகனுக்கு அந்த ஒரு சொல்லாவது தெரியுமா? உங்கள் மகனும் செடியை விட்டுவிட்டு மெஷின் பக்கம் போனவர்தானே, அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், சொன்ன பிறகு எப்படித் தூங்கினீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை. இதெல்லாம் பெரியவர்கள் நேரில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள். ஆகவே இப்போதைக்குச் சம்மதம் என்றும் சொல்வதற்கில்லை, இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தீபாவளி கழியட்டும், யோசித்து எழுதுகிறேன். அதுவரை சிறியவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும்.

தங்கள் செடிகள் பூச்சி அண்டாமல் தழைக்கவும், தங்கள் மனைவிக்கு முழங்கால் வலி குறையவும் எங்கள் முத்தாலம்மனை வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்கு ஞானஜோதியின் வணக்கம். அரிகிருஷ்ணன் மச்சானும் விசாரித்ததாக எழுதச் சொன்னார், கீரை இன்னும் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லவில்லை, ஆனால் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மு. பொன்னுரங்கம்.

பி.கு.: சத்யா, இதில் ஒரு வரியைக்கூட அவரிடம் படிக்க வேண்டாம். அவருக்கு வேறு கடிதம் நேற்றே போய்விட்டது. மாடியில் குடியிருக்கும் ஜெரூஷா டீச்சர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார், உன் அம்மா உனக்குத் தெரியாமல் மாப்பிள்ளை போனுக்கு அனுப்பினாள். மொத்தம் நாலு வரி: டீ சூட்டிலும் நன்றாக இருந்தது, ஆறிய பிறகு அதைவிட நன்றாக இருந்தது, எங்கள் வீட்டில் எல்லாரும் கை நனைத்துவிட்டோம், ஆவணியில் குடும்பத்தோடு வாருங்கள். கை நனைத்ததை டீச்சர் அப்படியே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துவிட்டார் போலிருக்கிறது. லின் ஐயா உடனே பதில் போட்டு, கை எல்லாருக்கும் காய்ந்துவிட்டதா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார். தீபாவளியாவது, யோசிப்பதாவது.

மேலே இருப்பது முழுக்க உனக்கு எழுதியது. உன் பெயரைப் போட்டு நாலு தடவை ஆரம்பித்தேன், 'அன்புள்ள' என்பதைத் தாண்ட முடியவில்லை. வேறு ஒருவருக்கு எழுதுகிறேன் என்று வைத்துக்கொண்டதும் கை தானாக ஓடியது. அன்றைக்கு நான் சொன்னது தப்பு, கண்ணு. போன் பண்ணு. அம்மா நம்பருக்கு இல்லை, என் நம்பருக்கு.